நாற்பத்தேழாம் மேஜை

கொத்கா துறைமுகத்துக்குப் பின்னால்
டயர் கடை இருந்த இடத்தில்
இப்போது பழம்பொருள் கூடம்.
நூற்றிருபது மேஜைகள்.
வாடகைக்கு எடுத்தவர் பொருளை வைத்து
விலை ஒட்டிவிட்டுப் போய்விடலாம்.
விற்பவர் முகத்தை வாங்குபவர் பார்க்க வேண்டியதில்லை.
எங்கள் ஊருக்கு இது ரொம்பப் பொருத்தம்.

வியாழன்தோறும் இரவு ஷிப்டு முடிந்து
கிரேன் எண்ணெய் வாசத்தோடு போவேன்.
பீங்கான் நாய்கள், ஒற்றைச் சறுக்குக் காலணி,
மூடி தொலைந்த காபிக் கூஜா,
எதிலும் கண் நிற்காது.
எனக்கு வேண்டியது உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும்,
காதில் வைத்தால் ஏதாவது சொல்ல வேண்டும்.

தூண்டில்முள் பெட்டியின் அறைகளில்
அப்போது இருபத்திரண்டு வைத்திருந்தேன்.
கண்ணாடி கீறிய ராக்கெட்டா.
முள்ளே இல்லாத ஒன்று.
இன்னொன்றின் பின்மூடிக்குள்
பழுதுபார்த்தவர் ஊசியால் கீறிய வருடங்கள்:
61, 68, மறுபடி 68.
ஒரே வருடத்தில் இரண்டு தடவை
எங்கே போய் விழுந்தாய் என்று கேட்டிருக்கிறேன்.
அதன் வாரில் ஐந்து துளை,
மூன்றாவது மட்டும் இழுபட்டு நீண்டிருக்கும்.
ஒருவரின் மணிக்கட்டு அளவு தெரியும் எனக்கு.
பெயர் தெரியாது.

நவம்பரில் நாற்பத்தேழாம் மேஜைக்கு
ஆறு வாட்சுகள் வந்தன.
நல்லதும் எட்டு யூரோ,
விரிசல் விட்டதும் எட்டு யூரோ.
விலை தெரியாத ஆள் என்று
உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு ஒன்றை எடுத்தேன்.
அடுத்த வாரம் ஒன்று.
அதற்கடுத்த வாரம் பனிப்புயல், பேருந்து இல்லை,
நடந்தே போய் மூன்றாவதைக் காதில் வைத்தபோதுதான்
உறைத்தது.

ஓடுகிறது.
மிச்சம் மூன்றும் ஓடுகின்றன.
கூடத்துச் சுவர்க்கடிகாரத்தைவிடச் சரியாக.

சாவி கொடுத்தால் ஒன்றரை நாள்.
அதற்கு மேல் எந்த வாட்சும்
யாருக்காகவும் ஓடாது.
அப்படியென்றால் தினமும் யாரோ வருகிறார்கள்.

கல்லாவில் ஹெல்வியிடம் கேட்டேன்.
"கதவு திறந்ததும் வருவாள்.
கையுறையைக் கழற்றுவாள், மாட்டுவாள், போய்விடுவாள்.
விற்ற பணத்தைக் கேட்டதே இல்லை."
மேற்கொண்டு கேட்க
இந்த ஊரில் யாருக்கு வாய் வரும்?

புதன்கிழமை சீக்கிரமே போய்
திரைச்சீலைகள் தொங்கும் மேஜைக்குப் பின்னால்
திருடனாட்டம் நின்றேன்.
தபால்காரி. என் வயதுதான் இருக்கும்.
காலணியில் பனி இன்னும் கரையவில்லை.
வலது கை மட்டும் வெறுங்கை,
கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்
முன்னே பின்னே, முன்னே பின்னே.
ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து.
நான் எண்ணினேன்.
உதடு அசைந்தது, அவளும் எண்ணினாள்.
நான் காலி செய்த மூன்று இடங்களிலும்
தூசியை விரலால் வழித்துவிட்டு
கையுறையை மாட்டினாள்.

அப்பாவுடையதா, புருஷனுடையதா,
அவளே சேர்த்ததா?
சேர்க்கிறவன் கேட்கும் முதல் கேள்வி இது.
கேட்காமல்
ஒரு திரைச்சீலையின் விலைச்சீட்டை
இரண்டு தடவை படித்தேன்.

ஜனவரியில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.
பெண்கள் வாட்சு, சட்டைப் பொத்தான் அளவு.
பெண்கள் வாட்சு நான் சேர்ப்பதில்லை.
ஒரு வியாழன் அது நின்றிருந்தது,
மூன்று நாற்பதில்.
சுற்றிலும் பார்த்துவிட்டு சாவி கொடுத்தேன்.
பதினெட்டிலேயே இறுகிவிட்டது,
சின்ன வாட்சுக்குச் சின்ன வயிறு.
எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

வெள்ளி போனேன். சனியும் போனேன்.
ஞாயிறு கூடம் பூட்டிக் கிடந்தது,
தெரிந்தும் போய்
கதவுக் கண்ணாடியில் மூச்சால் புகைப்படலம் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

திங்கள், மறுபடி நின்றிருந்ததை
எட்டு யூரோவோடு ஹெல்வியிடம் நீட்டினேன்.
"ஓடுமா?" என்றாள், பில்லைக் கிழித்தபடி.
"சாவி கொடுத்தால்."

இப்போது வேலைக்குக் கிளம்புமுன்
இருபத்தெட்டுக்கும் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.
அரை மணிக்கு மேல் பிடிக்கிறது.
கட்டைவிரல் காய்த்துவிட்டது.
முள் இல்லாத
அதற்கும்.