கூடுதல் செலவு என்ற கட்டம்

தலைமை அலுவலகத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது.
சென்னை–மதுரைத் தடத்தை மேம்படுத்த
நிலைய ஊழியர் ஒவ்வொருவரும்
மூன்று யோசனை எழுத வேண்டுமாம்
வெள்ளிக்கிழமைக்குள்.
ஜெ. அமலசெல்வி, பயணியர் சேவை, பெருங்குடி
என்று எழுதிவிட்டு
ஒரு மணிநேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

பக்கத்துக் கவுண்டரில் வரிசை
கயிற்றைத் தாண்டிக் கழிப்பறை வரை போகிறது.
அங்கே ஜன்னலுக்குக் காசு
கால் நீட்டக் காசு
டீ நூற்றைம்பது.
ஆனாலும் டிக்கெட் எழுநூறு ரூபாய் குறைவு.

அந்த எழுநூறுக்கு
எங்கள் பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று
எனக்குத் தெரியும்.
குளிரில் விறைத்த ஒரு சாண்ட்விச்
நடுவே வெள்ளரி, ஈரத்துணி மாதிரி.

பறப்பது ஐம்பத்தைந்து நிமிடம்.
ஏறப் பதினைந்து, இறங்க இருபது.
பெல்ட் விளக்கு அணைந்திருக்கும் மிச்ச இருபதில்
எழுபது பேருக்கு நீட்டி
எழுபது பேரிடம் திரும்ப வாங்கி
சிந்தாமல் சிரிக்கிற பெண்கள்
இரவு கடைசி விமானம் வந்ததும்
என் அறையில் ஷூவைக் கழற்றுவார்கள்.
கணுக்காலைப் பார்த்தால்
ஒன்றாவது யோசனை கிடைத்துவிடும்:
சாண்ட்விச்சை நிறுத்துங்கள்.

போன வருடம் குருகிராமிலிருந்து ஒரு மேலாளர் வந்தார்.
ஊர்ச் சுவை வேண்டும், ஜிகர்தண்டா தரலாமே என்றார்.
கீழவாசலிலிருந்து இங்கே வருவதற்குள்
அது வேறு ஏதோவாகிவிடும் சார் என்றேன்.
குறித்துக்கொண்டார்.
என்ன குறித்தாரோ.

இரண்டு.
காலை விமானத்தில் கேஸ் கட்டோடு இறங்கும் வக்கீல்கள்
பத்தரைக்கு ஒத்தக்கடையில் நிற்க வேண்டும்.
அவர்களுக்கு வெள்ளரி வேண்டாம்.
சொன்ன நேரத்தில் சக்கரம் தரையைத் தொட வேண்டும்
பெட்டி உடனே வர வேண்டும்
விசாரணை இழுத்தால், சாயங்கால டிக்கெட்டுக்கும்
அபராதமில்லாமல் ஒரு வாய்தா வேண்டும்.

வாய்தா என்று எழுதியதும்
ஒச்சப்பன் ஞாபகம்.
அம்மா செத்த சேதி கேட்டு
பல் தேய்க்காமல் ஏறி வந்தவர்.
மறுநாளே திரும்பும் டிக்கெட்,
"காரியம் முடியாமப் போக முடியாதுல்ல மேடம்."
இறப்புச் சான்று கேட்கிறது விதி.
உசிலம்பட்டிப் பக்கம் அதற்கு ஒரு வாரம் ஆகும்.
பார்த்ததாக டிக் அடித்து
பதினெட்டு நாள் தள்ளிப் போட்டேன்.
கைகூப்பினார். இனி உங்க கம்பெனிதான் என்றார்.

மூன்று மாதம் கழித்துப்
பக்கத்து வரிசையில் நின்றார்.
என்னைப் பார்த்ததும் போனைக் குனிந்து பார்த்தார்.
நானும்
பிரிண்டரில் காகிதம் சிக்கியதுபோல
குனிந்துகொண்டேன்.
எழுநூறு ரூபாய் எழுநூறு ரூபாய்தான்.
என் தங்கை ஜெனிட்டாவைப் பிரசவத்துக்கு
அந்த விமானத்தில்தான் வரச் சொன்னேன்.

இதை எந்தக் கட்டத்தில் எழுத?

மூன்றாவது
ஒரு கேப்டனைப் பற்றியது.
எந்த ஊர்க்காரரோ, நொண்டும் தமிழில் ஒருநாள்
"வலது பக்கம் பாருங்க,
யானை படுத்திருக்கு" என்றாராம்.
இடப்பக்கத்து ஆட்கள் எட்டிப் பார்க்க
தூங்கியவர்களை மற்றவர்கள் எழுப்ப
பெல்ட் அருகே வந்தும் பேசிக்கொண்டே நின்றார்கள்.
மதுரைக்காரர்கள்தான்.
நாளும் ஆனைமலையைத் தாண்டிப்
பஸ்ஸில் போகிறவர்கள்தான்.
வழக்கமாக உடைந்த சூட்கேஸ் பிடியோடு வருகிறவர்கூட
அன்றைக்கு வரவில்லை.

கூடுதல் செலவு: ஏதுமில்லை.

எதிர்பார்க்கும் வருவாய் உயர்வு
என்ற கட்டத்தில் பேனா நிற்கிறது.
பக்கத்துக் கவுண்டரில்
ஏழு கிலோவைத் தாண்டிய பையைத் திறந்து
ஒருவர்
இந்தச் சித்திரை வெக்கையில்
மூன்று சட்டைகளை
ஒன்றன்மேல் ஒன்றாக
மாட்டிக்கொண்டிருக்கிறார்.