மீதி ஐந்து பேர்

இருபத்து மூன்று குறிப்பேடுகள்.
ஒன்றுக்கு ஒன்பது நிமிடம் என்றால்
இருநூற்று ஏழு நிமிடம்.
அடுப்பிலுள்ள விறகோ
இரண்டு மணி நேரம் தாங்கினால் பெரிது.
வெளியே சிலோவே தீவின் மழை
தகரக் கூரையை எண்ணிக்கொண்டிருக்கிறது,
எண்ணி முடிக்கும் எண்ணமே இல்லாமல்.

"வீட்டில் கணக்கு எங்கே தட்டுப்பட்டது?
வாரம் ஒரு பக்கம் எழுதுங்கள்."
சொன்னது நான்தான்.
முதல் வாரம் எல்லார் வீட்டிலும்
அம்மா ஒரு ரொட்டியை நாலாக வெட்டினாள்.
இருபத்து மூன்று ரொட்டி,
தொண்ணூற்றிரண்டு துண்டு.
ஒன்றைக்கூட நான் நம்பவில்லை.

இது ஏழாவது வாரம்.

யாஸ்னா மில்யலோன்கோ எழுதுகிறாள்:
அம்மா சால்மன் ஆலையில் முள் எடுக்கிறாள்.
மீனுக்குப் பதினொரு நொடி.
வீட்டுக்கு வந்த பிறகும் விரல் நிற்பதில்லை,
தூக்கத்தில் போர்வையிலிருந்து
எதையோ பிடுங்குகிறது.
எண்ணிப் பார்த்தேன்.
அதுவும் பதினொரு நொடிதான்.

ஓரத்தில் 'வீதம்' என்று எழுதினேன்.
அழித்தேன்.
மறுபடி எழுதினேன்;
தேர்வில் அந்தச் சொல் வரும்.

எப்போதும் ஏழுக்கு ஏழு வாங்கும் பெலார்மினோ
ஒரே வரி வைத்திருக்கிறான்:
"இந்த வாரம் எங்கள் வீட்டில் கணக்கு நடக்கவில்லை."
போன வாரமும் இதே வரி,
இதே அழகான கையெழுத்து.
கீழே கேட்டு வைத்தேன்:
நேற்று ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய்?
யாரோடு?

ஒன்பதாவது, எவாரிஸ்தோ சிகுவாய்.
ஏப்ரல் தேர்வில் நான் கேட்டது:
முப்பத்தேழு பேர். படகில் எட்டுப் பேர் போகலாம்.
எல்லாரும் கரை சேர எத்தனை நடை?
நான்கு என்று எழுதியிருந்தான்.
மீதியைக் கடலில் விட்டுவிட்டாயா என்று
வகுப்பு முன்னால் கேட்டேன்.
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

இப்போது எழுதுகிறான்:

டீச்சர், நான்கு என்று தெரியாமல் போடவில்லை.
மாமாவின் படகில் எட்டுப் பேர்தான்.
தால்காவே போக நாற்பது நிமிடம், வர நாற்பது.
கடல் நிறைந்திருக்கும்போது தொடங்குவோம்.
நாலாவது நடை முடித்து மாமா திரும்பினால்
எங்கள் துறையில் தண்ணீர் இருக்காது, சேறுதான்.
தூரத்திலேயே நங்கூரம் போட்டுவிட்டு
பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து வருவார்.
அந்த ஐந்து பேரும் எங்கள் வீட்டில் படுப்பார்கள்.
மெத்தை மூன்று.
நான் மேசைக்கு அடியில்.
திருவிழா முடிந்த ராத்திரி எப்போதும் இப்படித்தான்.

பென்சிலை எடுத்தேன்.
நாலு எண்பது, முந்நூற்றிருபது.
ஐந்து மணி இருபது நிமிடம்.
கடல் வற்ற ஆறு மணி சொச்சம்;
ஆனால் துறையில் சேறு
அதற்கு முன்பே தலைகாட்டிவிடும்.
இந்தக் கரையில் பிறந்தவள், எனக்குத் தெரியாதா?
அவன் கணக்கில் பிசகில்லை.
என் கணக்கில்தான் கடல் இல்லை.

பழைய விடைத்தாளைத் தேடி எடுத்தேன்.
தப்பு என்று நான் போட்ட சிவப்புக் குறி
பெருக்கல் குறி மாதிரியே இருக்கிறது.
அமைச்சகத்தின் படிவத்தில்
அவன் பெயருக்கு நேரே ஒரு கட்டம்,
ஒரு எண் மட்டும் கொள்ளும்.
நாளை அவனிடம் சொல்லியாக வேண்டும்,
உன் விடை சரி என்று.
அதே மூச்சில் இதையும்:
நாட்டுத் தேர்வில் மட்டும் ஐந்து என்று போட்டுவிடு.
இந்த இரண்டாவதை எந்த முகத்தோடு சொல்வது?

பக்கத்தின் அடியில், மை தீரப்போன பேனாவில்,
இன்னொரு வரி:
டீச்சர், உங்கள் ஐந்தாவது நடை
எத்தனை மணிக்குக் கிளம்பியது?

அடுப்பு அணைந்துவிட்டது.
ஒன்றுக்கு ஒன்பது நிமிடம் என்று போட்டதும்
என் கணக்குதானே.
மீதி பதினான்கு.