மாற்றுக்கு மட்டும்

பகலெல்லாம் நான் சொல்வது ஒரே வாக்கியம்:
உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது.
செயின், மெட்டி, கொலுசு,
ஜாக்கெட்டில் ஊக்கு குத்தியிருந்தால் அதையும்.
கீழ்ப்பாக்கம் ஸ்கேன் சென்டரில்
ஒரு காந்தத்துக்குக் காவல் என் வேலை.

ஞாயிற்றுக்கிழமை
கால் கிலோ உலோகத்தோடு கிளம்புகிறேன்.
கறுப்பு வெல்வெட் தைத்த துணிப்புத்தகம்,
ஆறு பக்கம், நூற்றுப் பதினான்கு பின்.
துறைமுகத் தொழிற்சங்க மாநாட்டின் நங்கூரம்,
மூடிப்போன விமானக் கம்பெனியின் ஒற்றை இறக்கை,
ரத்ததான முகாமின் சொட்டு, ஓரத்தில் எனாமல் உதிர்ந்தது,
இன்னதென்று இன்றுவரை தெரியாத
ஒரு பச்சை முக்கோணம்.

எழும்பூரில் டீக்கடை மாடியில் நாங்கள் ஏழு பேர்.
காசு பேசக் கூடாது.
எங்கே கிடைத்தது என்று கேட்கக் கூடாது.
புரட்டிப் பார்க்கலாம்.
பின்னின் நிஜம் அதன் முதுகில்தான்:
வார்ப்பின் பிசிறு, பற்றவைத்த புள்ளி,
திருகாணியின் பிடி.
எபநேசர் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார்,
மாம்பழம் வாங்குகிறவர் மாதிரி.
நூருல்லா முகர்ந்துதான் முடிவு செய்வான்.
அவனிடமிருந்த கலங்கரை விளக்கத்துக்காகப் போன மாதம்
இரண்டு மணி நேரம், நாலு டீ.
தரவில்லை.

என் துப்பட்டாக்களில் ஜோடி ஜோடியாகப் பொத்தல்.
குட்டிப் பாம்பு தீண்டின மாதிரி இருக்கு
என்கிறார் வீட்டுக்காரர்.

அன்றைக்கு மெட்ரோ வாசலில்
திரையில் என் பை நின்றுவிட்டது.
தினம் அடுத்தவர் உள்ளே பார்க்கிறவள்
என் பையின் உள்ளே பார்த்தேன்:
வரிசை வரிசையாக முள்.

"திறங்க."
பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.
மார்பில் கோமளவல்லி என்று பெயர்ப்பட்டை.
முள்ளை அவள் எண்ணவில்லை.
மூன்றாம் பக்கத்தில் விரல் வைத்தாள்.
"இந்த வஞ்சிரம் எவ்ளோ?"

நான் அதை இத்தனை வருடம்
வெறும் மீன் என்றே சொல்லிவந்தேன்.

"விக்கிறதில்ல. மாத்துக்கு மட்டும்."

இடமும் வலமும் பார்த்தாள்.
காலரிலிருந்து ஒரு பித்தளை வட்டத்தைக் கழற்றினாள்:
மார்ச் மாதச் சிறந்த ஊழியர்.
"ஏப்ரல்ல திருப்பி வாங்கணும். மறந்துட்டாங்க."

பழக்கதோஷம், புரட்டிப் பார்த்தேன்.
மட்டமான வார்ப்பு. திருகாணி லொடலொட.
சரியென்று தலையாட்டினேன்.

டீக்கடை மாடியில் நூருல்லா அதை முகர்ந்தான்.
நெடுநேரம் முகர்ந்தான்.
பிறகு பையைத் துழாவி
கலங்கரை விளக்கத்தை எடுத்து மேஜையில் வைத்தான்.
எங்கே கிடைத்தது என்றும் கேட்டுவிட்டான்.
எபநேசர் அவனை முறைத்தார்.
நான் புத்தகத்தை மூடிக்கொண்டேன்.
ஏன் மூடினேன் என்று
வீடு வரைக்கும் யோசித்தேன்.
எந்த மாதத்திலும் எதிலும்
நான் சிறந்தவளாக இருந்ததில்லை; அது காரணமில்லை.

அடுத்த ஞாயிறு.
பக்கத்தில் மேற்பார்வையாளர்.
கோமளவல்லிக்கு என்னைத் தெரியவே தெரியாது.
கைகளை விரித்து நின்றேன்.
தோள், இடுப்பு, கணுக்கால்,
கருவி ஊமையாக இறங்கியது.

பிறகு அதைத் தன் கழுத்தருகே கொண்டுபோனாள்,
அரிப்பெடுத்தவள் சொரிவது போல.
மடிந்த காலருக்குள்ளிருந்து
பீப்.