மாட்டியவர்

முப்பந்தலில் ஆனிக் காற்றுக்குக் கேள்விமுறை இல்லை.
இசக்கியம்மனுக்கு லாரிக்காரர் ஏற்றும் சூடத்தை
ஏற்றிய கையிலேயே அணைத்துவிட்டுப் போகும்.
காற்றாலைகள் ஒன்றையொன்று முகம் பாராமல்
தத்தம் போக்கில் சுற்றும்.
துணைமின் நிலையத்துக்குள் மட்டும்
எல்லாரும் ஒரே வினாடியில் இருந்தாக வேண்டும்.

கூரையில் காளான் மாதிரி ஒரு ஆன்டெனா.
செயற்கைக்கோளிடம் நேரம் வாங்கிக்
கறுப்புக் கேபிளில் கீழே இறக்குகிறது,
வினாடிக்கு நூறு துடிப்பு.
இரண்டு மில்லிவினாடி நின்றால் சுழியம்.
ஐந்து நின்றால் ஒன்று.
எட்டு நின்றால் எல்லைக்கல்.
குறில், நெடில், அளபெடை என்று
மனசுக்குள் பெயர் வைத்திருக்கிறேன்.
ரிலேக்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கும்:
இன்ன நாள், இன்ன மணி, இன்ன நிமிடம்.
நூறாவது துடிப்பில் வரி முடியும்.
அடுத்ததும் அதே வரிதான்,
ஒரு வினாடி மூப்பு.

செவ்வாய் இரவு இரண்டு பதினேழுக்கு
ஏழாம் ஃபீடர் விழுந்தது.
முதல் ரிலே சொன்னது: பழுது, நாற்பத்தொன்றாம் வினாடி.
இரண்டாவது: ஆமாம், நாற்பத்தொன்று.
மூன்றாவது சொன்னது:
நாற்பதாம் வினாடி. கையால் திறக்கப்பட்டது.

அன்றிரவு பேனல் அறையில் இருந்த கை
கடியபட்டணம் ததேயுவின் கை மட்டும்தான்.

தாணுமூர்த்தி சார் மெமோவைத் தட்டச்சு செய்துவிட்டார்.
ஓடும் லைனைத் திறந்தார், அதனால் பழுது.
பழுது வந்ததால் திறந்தார் என்றால் பாராட்டு.
இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு வினாடி.

ததேயு என்னிடம் வந்தார், டீ கிளாஸோடு.
"மக்ளே, டமார்னு கேட்டு லைட்டு மங்கின பொறவாக்கும்
நான் அமுக்கினது. ஒண்ணு ரெண்டு மூணு
எண்ணியிருக்கலாம், அவ்வளவு நேரம்.
மிஷினு பொய் சொல்லுமா?"
சொல்லாது என்றேன்.
படித்த படிப்பு அப்படி.
"அப்போ நானா?" என்றார்.

டீ ஆறிப் போயிருந்தது.
பதிவுகளை மறுபடி இறக்கினேன்.
தாளின் அகலத்துக்கு அடங்கவில்லை என்று
அச்சடிக்கும்போது ஒரு பத்தியை மறைத்திருந்தோம்.
விரித்தால், மூன்றாம் ரிலேயின் வரியெங்கும் அதில்
ஒரே குறிப்பு: நேரம் பூட்டப்படவில்லை.

பேனலுக்குப் பின்னால் டார்ச் அடித்தேன்.
கேபிளின் தலை தொங்கிக்கொண்டிருந்தது,
சொருக வேண்டிய துளைக்கு நாலு விரல் கீழே.
துளைக்குள் சிலந்தி நூல் கட்டியாயிற்று.

பதினோரு நாளாய் யார் சொல்லும் காதில் விழாமல்
தன் படிகத்தின் நடுக்கத்தை மட்டும் எண்ணி எண்ணி
நாளொன்றுக்குக் கண்ணிமைக்கும் நேரத்துக்குச் சற்று மேலாகப் பிந்தி
நாலேகால் வினாடி பின்னால் நின்றிருந்தது அந்த ரிலே.
பொய் சொல்லவில்லை.
தெரிந்ததைச் சொன்னது, தெரியாது என்றும்
ஓரத்தில் சொல்லியிருந்தது.

நாற்பதோடு நாலேகாலைக் கூட்டினேன்.
ததேயு எண்ணிய ஒண்ணு ரெண்டு மூணு
சரியாக உட்கார்ந்தது.

பிறகு பராமரிப்புப் பதிவேடு.
எடுக்காமல் இருந்திருக்கலாம்,
கணக்குதான் சரியாகிவிட்டதே.
பதினோரு நாள் பின்னோக்கிப் புரட்டினேன்.
பரிசோதனை. மூன்றாம் ரிலே.
கழற்றியவர்: விஜிலா.
என் சாய்ந்த கையெழுத்து, என் பச்சை மை.
மாட்டியவர்:
வெறும் கட்டம்.

அன்றைக்கு நாகர்கோவிலுக்குக் கடைசி பஸ்ஸின் ஹாரன் கேட்டு
ஓடியது நினைவுக்கு வந்தது.
பை தோளில் நிற்கவில்லை, காற்று.

சிலந்தி நூலைத் துடைத்துக் கேபிளைச் சொருகினேன்.
சில வினாடி பச்சை விளக்கு யோசித்தது,
பிறகு நிலைத்தது.
எண்கள் நாலு வினாடியைத் தாண்டி
முன்னால் குதித்தன.
அந்த நாலு வினாடி
அந்தப் பெட்டிக்குள் நடக்கவே இல்லை.

மெமோவின் பின்பக்கம் அறிக்கை எழுதினேன்.
விபத்துக்குக் காரணம்: கம்பியில் விழுந்த தென்னங்கீற்று.
குழப்பத்துக்குக் காரணம் என்ற இடத்தில்
பேனா சிறிது நின்றது,
எட்டு மில்லிவினாடிக்கு மேலேயே.

பதிவேட்டில் அந்தக் கட்டத்தையும் நிரப்பினேன்.
இன்றைய தேதியில்.
மாட்டியவர்: விஜிலா.
எட்டிப் பார்த்த ததேயு படித்துவிட்டுச் சிரித்தார்,
"மாட்டினது நீயா?"