பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் மட்டும்

உச்சிப்புளி தாண்டித் தண்டவாளத்துக்குத் தெற்கே
அறுபத்து நான்கு மனை. பதினோரு வீடு.
மிச்சமெல்லாம் மஞ்சள் கல்,
கல்லுக்குக் கல் ஓடும் ஓணான்.
இங்கே ஆட்களுக்குப் பேர் கிடையாது.
"இருபத்தொன்பது மோட்டார் மாத்திட்டாங்க,"
"அஞ்சாம் நம்பருக்குப் பொம்பளப் பிள்ளை,"
இப்படித்தான் பேச்சு.
நான் பதினேழு.

கடலுக்கு எட்டு நிமிடம் என்றது நோட்டீஸ்.
யார் ஓடிப் பார்த்தார்களோ.
கடல் இங்கே வர அவ்வளவு நேரம் பிடிப்பதில்லை.
கதவுக் கீலில், ஜன்னல் கம்பியில்,
காயப்போட்ட என் நர்ஸ் சேலையின் மடிப்பில்
விடியுமுன் வந்து உட்கார்ந்திருக்கும்.

பூங்கா உண்டு.
எட்டு போட்ட நடைபாதை.
தண்ணீர் வராத நீரூற்று,
அதன் கிண்ணத்தில் நாய் நாலு குட்டி போட்டிருந்தது.
இறகுப்பந்துக்கு ஒரு களம்:
கச்சான் காற்றடிக்கும் மாதங்களில்
எந்தப் பக்கம் அடித்தாலும் பந்து
நாற்பத்திரண்டாம் மனையின் உடைமரத்துக்குத்தான் போகும்.
பகலில் தோசைக்கல்லாகும் ஒரு சறுக்கு.
நீலச் சாயத்தில் இரண்டு ஊஞ்சல்,
அருகே பலகை:
பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் மட்டும்.

ராத்திரி ஒன்று இருபதுக்கு
க்ரீச்.
கொஞ்சம் பொறுத்து, க்ரீச்.
"காத்து. படு," என்றார் இவர்.
பிறக்காத பிள்ளைகளின் இதயத்துடிப்பை
ஆரம்ப சுகாதார நிலையத்தில் எண்ணுகிறவள் நான்.
காற்று இப்படி எண்ணி அடிக்காது.

டார்ச்சோடு போனேன்.
முப்பத்து மூன்றாம் நம்பர்.
பச்சை கேட், இரண்டு மாடி.
செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு,
துப்பட்டா பின்னால் பறக்க,
காலை நீட்டி மடக்கி
ஆடிக்கொண்டிருந்தது முப்பத்து மூன்று.

நிறுத்தவில்லை. வெட்கப்படவும் இல்லை.
"தம்மாம்ல இப்பத்தான் ஷிப்ட் முடியும்.
அவுக பேச இன்னும் நாப்பது நிமிஷம் கிடக்கு.
உள்ள உக்காந்தா வீடு ரொம்பப் பெருசா இருக்கு.
உக்காருங்க, பதினேழு."

நாற்பத்தோரு வயதில்
இரண்டு சங்கிலிக்கு நடுவே இடுப்பைத் திணிப்பது
சொல்லிக்கொள்ளும்படியான காட்சி இல்லை.
ஆனால் மேலே போனபோது
மதிலுக்கு அந்தப் பக்கம் கருப்பாக ஒன்று தெரிந்தது,
அதில் படகு விளக்குகள், ஏழோ எட்டோ.
கீழே வந்தால் மதில்.
மறுபடி மேலே.
தரைத்தளத்தில் வீடு வாங்கியவளுக்கு
அந்த நோட்டீஸ் சொன்ன கடல்
அன்றைக்குத்தான் கிடைத்தது.

செப்டிக் டேங்க் பற்றிப் பேசினோம்.
வங்கி வட்டி, தண்ணீர் லாரி.
அவர் இந்த வீட்டைப் போனில்தான் பார்த்திருக்கிறார்.
எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று
அங்கிருந்தே சொல்லிவிடுவாராம்.
"ஆனா பரண்ல இன்னும் ஒருவாட்டிகூட
தலைய இடிச்சுக்கல,"
என்றாள். சிரித்தோம்.
அப்புறம் சிரிக்கவில்லை.

அவள் பேர் ஹலீமா நாச்சியா.
கடன் பத்திரத்தில் மட்டும் முழுசாக இருக்கும்
முத்திருளாயி என்ற பேரை
நான் சொன்னேன்.

ஐப்பசி மழையில் சங்கிலி அறுந்தது.
(யார் ஊஞ்சல் என்பது வேண்டாம்.)
ஞாயிற்றுக்கிழமை நீரூற்றைச் சுற்றிக் கூட்டம்.
துறைமுகத்தில் எடை போட்டு ஓய்ந்த ஞானதிரவியம்
கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"குழந்தை எடைக்கு இது அறாது."
"உப்புக் காத்து சார்," என்றேன் நான்.
ஹலீமா நாய்க்குட்டிகளின் காதுகளை
வெகு கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தாள்.
வீட்டுக்கு ஐந்நூறு என்று முடிவானது.

மறுநாள் சாயங்காலம்
மண்டபத்திலிருந்து படகுக் கயிறு வாங்கி வந்து
அவரே முடிச்சுப் போட்டார்.
உட்கார்ந்தார். இரண்டு தரம் குதித்தார்.
"தொண்ணூறு கிலோ தாராளமாத் தாங்கும்,"
என்றார் பலகையைப் பார்த்து.

கயிற்றுக்குச் சத்தம் இல்லை.
முதல் இரண்டு ராத்திரி காதைத் தீட்டிக் கிடந்தேன்.
மூன்றாம் நாள்
கேட்டுக்கு வெளியே என் பேர், முழுசாக,
பத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி.
நான் செருப்பைத் தேடுவதற்குள்
குட்டிகள் நாலும் போய்விட்டன.