வேர்வை

மூடியைத் தூக்கியதும் வாடை வந்துவிட்டது.
தண்டர் பே துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம்
கோதுமையை மோந்து மோந்து தரம் பிரித்தவள் நான்.
நனைந்த கோதுமைக்கு ஒரு வாடை,
பூஞ்சை பிடித்த பார்லிக்கு வேறொன்று.
இது இரண்டும் இல்லை. குளத்தடிச் சேறு.
நாற்று
நாறியது.

வீட்டுக்கு நான்கு செடி. சட்டம் அவ்வளவுதான் விடுகிறது.
மண்ணே இல்லை.
கறுப்பு பக்கெட், உரம் கரைத்த நீர்,
அடியில் குமிழிவிடும் ஒரு கல்,
மேலே வலைக்கிண்ணம் நான்கு, அதில் களிமண் உருண்டைகள்.
அவற்றினூடே தொங்கும் வேர்
பால் பல் நிறத்தில் இருக்க வேண்டும்.
இருந்ததோ தேநீர்க் கறை.
இரண்டு விரலால் மெல்ல இழுத்தேன்;
தோல் கையோடு வந்தது,
நூல் மட்டும் நீரில் நின்றது.

கஞ்சா இலைகளுக்கு இன்னும் சேதி போகவில்லை.
அடித்தளம் பற்றி எரிய
மாடியில் சீட்டாடுகிறவர்கள் போல
விரல் விரித்து நின்றன.

"செத்துப்போச்சா, ஐலா?"
படிக்கட்டின் உச்சியிலிருந்து தௌனோ.
நிக்கல் சுரங்கம் தின்ற இடுப்பு அவருடையது.
இந்தச் செடியின் எண்ணெய் நாக்கடியில் நான்கு சொட்டு விழுந்தால்
இரவு மூன்று மணி வரை தூக்கம். விழாவிட்டால்
இருவருக்கும் இல்லை.

அமிலம் பார்த்தேன், ஐந்து புள்ளி எட்டு,
அதைக் குறை சொல்ல முடியாது.
உரத்தைப் பாதியாக்கினேன்.
மூடியின் ஓரம் ஊசிமுனை வெளிச்சம் கசிந்தது,
கறுப்பு டேப் ஒட்டினேன்.
பம்ப்பின் மேல் காது வைத்தேன்: உறுமுகிறது, பழுதில்லை.
கடைக்கார டெல்பேர் ஒரு புட்டி பெராக்சைடு விற்றான்.
நுரைத்தது. மூன்று நாள் வெளுத்தது.
மறுபடி சேறு.

குறிப்பு நோட்டைப் புரட்டினால்
நாறிய நாளெல்லாம் ஞாயிறு.
ஞாயிறு, ஞாயிறு, ஒரு திங்கள்
(அன்று நான் பக்கெட் பக்கமே போகவில்லை).

அப்புறம் சனிக்கிழமை இரவு,
துண்டைச் சுற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு,
தெர்மாமீட்டரை நீரில் விட்டேன்.
இருபத்தொன்பது.

சவுனா.
பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் பக்கெட்,
அந்தப் பக்கம் அடுப்பு.
வாரத்தில் ஒருமுறை
என் தோளில் கை போட்டு
பதினொரு படி இறங்குவார் தௌனோ.
கல்லில் நீர் தெளிப்போம்.
அந்த முக்கால் மணி நேரம் இடுப்பு அவரை மறந்திருக்கும்.
சூடான நீரில் காற்று தங்காது;
இங்கே நாங்கள் வேர்க்க வேர்க்க
அங்கே வேர்கள்
மூச்சு முட்டி வெந்தன.

சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை.
"சவுனாவை நிறுத்திவிடலாம்" என்றார்,
பல்லைப் பிடுங்கச் சம்மதிப்பவர் குரலில்.
பக்கெட்டுக்குக் கால் இல்லை, எனக்கு இருக்கிறது என்றேன்.

உருளைக்கிழங்கு வைக்கும் குளிர் அறைக்கு இழுத்துப் போனேன்.
வயர் எட்டவில்லை; கிறிஸ்துமஸ் விளக்கின் நீட்டிப்பு வயர் எட்டியது.
நகம் வெட்டும் கத்தரியால் பழுப்பை எல்லாம் நறுக்கினேன்.
நீர் பதினெட்டில் நின்றது.
ஒன்று ஏற்கெனவே போயிருந்தது. அதைக் குப்பையில் போடாமல்
இரண்டு நாள் ஜன்னலில் வைத்திருந்தேன், ஏனென்று கேட்காதீர்கள்.
மற்ற மூன்றில் இரண்டு
ஒன்பதாம் நாள் வெட்டுவாய்க்கு மேலே
நூல் பருமனில் வெள்ளை விட்டன.
மூன்றாவது யோசித்துக்கொண்டிருக்கிறது.

இன்று சனி.
சவுனா முடிந்து குளிர் அறைக்கே வந்துவிட்டார்,
உடம்பெல்லாம் ஆவி பறக்க.
மூடியைத் தூக்கிக் காட்டினேன்.
முதல் தரக் கோதுமை போல
எதுவுமே மணக்கவில்லை.
நம்பாமல் தானே மோந்து பார்க்கக் குனிந்தார்.
குனிய
அவ்வளவு நேரம் பிடித்தது.