இரண்டு ரூபாய் பிளேடு

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கடைக்கு
ஷட்டர் ஒன்று, உள்ளே கம்பிக்கதவு ஒன்று,
பெட்டகத்துக்கு இரண்டு சாவி:
ஒன்று என்னிடம், ஒன்று தம்பி தனசீலனிடம்.
பேச்சுவார்த்தை இல்லாத எட்டு மாதமும்
தினம் காலை ஒன்பதரைக்கு
தோளோடு தோள் உரசித் திறந்தோம்.
பட்டறையில் கூட்டிய குப்பையையும்
சாக்கில் கட்டிப் பூட்டி வைப்போம்,
கொலுசு ராவிய தூள் அதில் இருக்கும்.
கை கழுவிய தண்ணீரைக்கூட
சும்மா சாக்கடைக்கு விட்டதில்லை.

அப்படிப்பட்ட நான்
ஐம்பத்திரண்டு வயதில்
துணிக்கூரை போட்ட கார் வாங்கினேன்.
பெங்களூரில் இரண்டு கை மாறியது.
உட்கார இருவருக்குத்தான் இடம்.
'குடைக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருக்கு'
என்றாள் வளர்மதி.

சேலத்து வெயிலில் கூரையைத் திறந்தால்
மண்டை வெடிக்கும்.
மலை ஏறினோம்.
இருபது கொண்டை ஊசியிலும்
வானம் இப்படியும் அப்படியும் சாய்ந்தது.
பதினான்காவது வளைவில் நான்
சத்தம் போட்டுச் சிரித்தேனாம்.
அவள் சொல்லித்தான் தெரியும்.

சிரிப்பு லாட்ஜ் வாசல் வரை.
'ஷெட் எல்லாம் இல்லைங்க,
அந்த சில்வர் ஓக் மரத்தடியில விடுங்க.
யாரு எடுக்கப் போறா?'
பேரிலேயே வெள்ளி இருக்கிற மரம்.
யாரு எடுக்கப் போறா என்பவர்களை
எனக்கு என்றைக்குமே நம்பிக்கையில்லை.

ராத்திரி பதினொன்று.
ஜன்னலில் எக்கி நின்றால்
பாதிக் கார் தெரிகிறது.
மறுபாதியில்தான் எல்லாம் நடக்கிறது.
குரங்குக்கு நகம் இருக்கிறது.
காட்டெருமை உரசிக்கொள்ள
மரம்தான் வேண்டுமென்று யார் சொன்னது?
அடுத்த அறைப் பையன்கள்
சிகரெட்டை எங்கே சுண்டுகிறார்கள்?
இதெல்லாம் கிடக்கட்டும்,
இரண்டு ரூபாய் பிளேடு போதும்.
காடாத் துணி கிழிகிற சத்தம்
பன்னிரண்டரைக்குள் மூன்று தடவை கேட்டுவிட்டது.

கொண்டலாம்பட்டி மெக்கானிக் மாதேஸ்வரன்
அன்றைக்கே சொன்னான்:
'கதவைப் பூட்டாதீங்கண்ணா.
பூட்டினாத்தான் கிழிப்பான்.
தெறந்து கெடந்தா
ஒண்ணுமில்லன்னு பாத்துட்டுப் போயிருவான்.
கூர மட்டும் ஒண்ணேகால் லட்சம்.'
மூன்று தலைமுறையில்
எங்களிடம் இப்படி ஒருவரும் பேசியதில்லை.

ஒரு மணிக்கு
குல்லாவும் டார்ச்சுமாக இறங்கினேன்.
கூரையில் கை வைத்தேன்.
ஈரம். ஜுரம் விட்ட நெற்றி போல.
ஆர்சி புத்தகம், கூலிங் கிளாஸ்,
டோலுக்கு வைத்த சில்லறை,
கடைசியில் டாஷ்போர்டுப் பிள்ளையாரையும்
பெயர்த்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன்.
பிறகு பூட்டைத் திறந்தேன்.
பூட்டும்போது கேட்ட அதே 'க்ளிக்.'
வேறு சத்தம் வருமென்று நினைத்திருந்தேன்.

எப்படித் தூங்கினேனோ.

காலையில் மூடுபனி.
முதலில் மரம் வந்தது, அப்புறம் கார்.
கூரையில் ஒரு கீறல் இல்லை.
உள்ளே உட்கார்ந்தால்
கிளட்ச் எட்டவில்லை.
இருக்கை கடைசிவரை
பின்னால் தள்ளியிருந்தது.
பீடி வாசனை, நனைந்த கம்பளி வாசனை.
வாட்ச்மேன் சடையன் கேட் ஓரம்
சருகு கூட்டித் தீ மூட்டிக்கொண்டிருந்தார்,
ஆறடிக்கு மேல் இருப்பார்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
'ராத்திரி பனி ரொம்பங்க' என்றார்.
'ஆமா' என்றேன்.

'ஏதாவது போச்சா?' என்றாள் வளர்மதி.
யோசித்துப் பார்த்து
இல்லை என்றேன்.

ஈரத்துணியை மடிக்கக் கூடாது,
மூடியபடியே இறங்கினோம்.
இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டேன்.
கண்ணாடியைத் திருப்ப மறந்துவிட்டேன்,
அல்லது மறக்கவில்லை.
பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தபோது
அதில் பஸ் தெரியவில்லை, ரோடு தெரியவில்லை,
கூரைத் துணியின் உள்பக்கம்
நீளமாக ஒரு தையல்.
ஒவ்வொரு வளைவிலும்
பிள்ளையார் நெஞ்சில் குத்தினார்.